ஏகாம்பரத்தின் டீசல் காரும் என் மூக்கும்

போன வியாழக்கிழமை உச்சி வெயிலில், மாமல்லபுரத்தில் ஓர் இளநீரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன்.

மிகையில்லை. கடற்கரைக்குத் திரும்பும் இடத்தில் காய் விற்கும் அம்மாள், ஒரு காயைச் சீவி, முனையில் சின்னதாய் ஒரு துளை போட்டுக் கொடுத்தாள். எனக்கோ அசாத்திய தாகம். அண்ணாந்து ஊற்றிக்கொள்ளப் பொறுமை ஏது? துளையை வாயால் கவ்விக்கொண்டு உறிஞ்சினேன். இரண்டு மடக்கு வந்தது. அப்புறம் வரவில்லை. பலமாக உறிஞ்சினேன். கன்னம் இரண்டும் உள்ளே போய் ஒட்டிக்கொண்டன. ஆட்டிப் பார்த்தேன். உள்ளே தண்ணீர் தளும்புகிறது. வெளியே மட்டும் வர மாட்டேன் என்கிறது!

"இன்னா சாமி, காயோட சண்ட போட்டுகினு கீற?" என்றாள் அந்த அம்மாள். "வாய இப்டி இறுக்கி வெச்சிகினா எப்டி வரும்? கொஞ்சம் வுடு. உள்ள காத்து போனாத்தான வெளிய தண்ணி வரும்!"

வாயை எடுத்தேன். 'ப்ளக்' என்று ஒரு சத்தம். காற்று உள்ளே போயிற்று.

உள்ளே காற்று போனால்தான்...

அவ்வளவுதான். காய் கையிலிருந்து நழுவியது, சட்டையெல்லாம் இளநீர். "ஏகாம்பரம்! ஏகாம்பரம்!" என்று கூவிக்கொண்டு, புளியமரத்தடியில் நின்ற காரை நோக்கி ஓட்டம் பிடித்தேன்.

"இந்த வெயிலு யாரத்தான் வுட்டுது!" என்று பின்னால் அந்த அம்மாள் சொல்வது கேட்டது.

பொறுங்கள். என் ரேடியோவைப் பிரித்து மறுபடி பூட்டியபோது ஏழு ஸ்க்ரூ மிச்சமான கதையை இதே பக்கத்தில் படித்தவர்கள், 'ஆரம்பித்துவிட்டான்' என்று சிரிப்பது எனக்குத் தெரிகிறது. இந்தத் தடவை மிச்சமாகிவிட இருந்தது ஸ்க்ரூ அல்ல. ஒரு மனிதன்.

முதலிலிருந்து சொல்கிறேன்.

செங்கல்பட்டில் எங்கள் வீட்டுக்கு எதிரே ஹமீது பாயின் கடலை எண்ணெய் மண்டி. மண்டி வாசலில் நிற்கும் காரைத் தெரியாதவர்கள் ஊரில் கிடையாது. யுத்தத்துக்கு முந்திய அமெரிக்க வண்டி. ஊரார் வைத்த பெயர் 'கப்பல்'. பெட்ரோலைக் குடம் குடமாகக் குடிக்கிறது என்று, பாய் அதன் பழைய இஞ்சினைக் கழற்றிவிட்டு ஒரு டீசல் இஞ்சினைப் பொருத்தினார். அன்றிலிருந்து பார்ப்பதற்கு மாப்பிள்ளை ஊர்வலம், கேட்பதற்கு நெல் மிஷின்!

காலை ரயிலில் பட்டணத்திலிருந்து வந்து இறங்குகிறவர்களை ஏற்றிக்கொண்டு, திருக்கழுக்குன்றத்தில் உச்சிவேளைக்கு மலைமேல் பிரசாதம் தின்ன வரும் கழுகு காட்டி, மாமல்லபுரத்தில் கோயில் காட்டி, மாலை ரயிலுக்குத் திரும்பக் கொண்டுவந்து சேர்ப்பது கப்பலின் வேலை. ஓட்டுவது ஏகாம்பரம். அச்சரப்பாக்கத்துக்குப் பக்கத்தில் விவசாயக் குடும்பம். ஆறு வருஷமாகப் பாயிடம் இருக்கிறார். வண்டியைத் துடைப்பதைப் பார்த்தால் குழந்தையைக் குளிப்பாட்டுகிற மாதிரி இருக்கும்.

சரி, கப்பலுக்கு என்ன வந்தது? மிஸ்ஸிங்.

ஓடுகிற இஞ்சின் சீராகத் 'தடதடதட' என்று சொல்ல வேண்டும் அல்லவா? இது 'தடதட... தட... ட...' என்று விக்க ஆரம்பித்தது. ஸ்டேஷனில் கிளம்பும்போது சிங்கம். சில மைல் போனதும் விக்கல். அப்புறம் குலுங்கல். அப்புறம் மயக்கம். சரஸ்வதி பூஜை கழிந்த வாரத்தில் தொடங்கிய வியாதி, ஒரு மாதமாக விடவில்லை.

இதிலே பெரிய கஷ்டம் யாருக்கு? கழுகு பார்க்க வந்தவர்களுக்கு! கழுகுகள் டீசல் இஞ்சினுக்காகக் காத்திருக்குமா? அவை சாப்பிட்டுவிட்டுப் போன பிறகு கப்பல் மலையடிவாரம் சேரும். பட்டணத்துக் கனவான்கள் பாயிடம் வந்து குமுறினார்கள். அதில் ஒருவர், போகிற போக்கில் இன்னொன்றையும் சொல்லிவிட்டுப் போனார்.

"உங்க டிரைவர் வழியிலே நிறுத்தி, டாங்க் மூடியைத் திறந்து ஏதோ செய்கிறார். அப்புறம் வண்டி ஜோராக ஓடுகிறது. என்ன மர்மம் அது?"

பாயின் முகம் மாறிவிட்டது. ஒரு டிரைவர் நட்டநடு ரோட்டில் டாங்கைத் திறந்தால் என்ன அர்த்தம்? டீசலை எடுத்து விற்கிறான். அதை மறைக்க மண்ணெண்ணெய் ஊற்றுகிறான். மண்ணெண்ணெய் குடித்த இஞ்சின் விக்குகிறது. கணக்கு எவ்வளவு சுலபமாக முடிந்துவிட்டது, பார்த்தீர்களா?

ஆனால் பாய் நியாயஸ்தர். ஆதாரம் இல்லாமல் ஒருவனைத் திருடன் என்று சொல்ல மாட்டார். ஆதாரம் வேண்டும். படித்தவன் யாராவது பார்த்துச் சொல்ல வேண்டும்.

படித்தவன் யார்? எதிர் வீட்டில் பௌதிகத்தில் பி.எஸ்ஸி. பாஸ் செய்துவிட்டு, வேலைக்கு மனுப் போட்டுவிட்டு, தபால்காரரின் சைக்கிள் மணிக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் சாட்சாத் அடியேன்!

பாய் கூப்பிட்டு முடிப்பதற்குள் தெருவைத் தாண்டிவிட்டேன்.

திங்கட்கிழமை காலை, துரைக்கண்ணு மேஸ்திரியின் ஒர்க்‌ஷாப். கையில் கடன் வாங்கிய ஸ்பானர். சட்டைப் பையில் நோட்டுப் புத்தகம். என் மனசு நூறு மைல் வேகத்தில் பறந்துகொண்டிருந்தது.

டீசல் இஞ்சினில் மிஸ்ஸிங் கண்டுபிடிக்க ஓர் அழகான வழி இருக்கிறது. நாலு சிலிண்டர் இருக்கிறதா? ஒவ்வொன்றுக்கும் ஒரு நாஸில். பன்னீர்ச்செம்பு மாதிரி டீசலைத் தெளிக்கும். இஞ்சின் ஓடும்போது ஒரு நாஸிலுக்குப் போகும் குழாயை மட்டும் தளர்த்தினால், அந்தச் சிலிண்டருக்கு டீசல் போகாது. சத்தம் மாற வேண்டும். மாறவில்லையா? அதுதான் குற்றவாளி! நாலு பேர் பஜனை பாடுகிறார்கள், ஒவ்வொருவர் வாயாகப் பொத்திப் பார்க்கிறோம். யார் வாயைப் பொத்தியும் பாட்டு மாறவில்லையோ, அவர் இதுவரை சும்மா வாயசைத்துக்கொண்டிருந்தவர்.

ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. எல்லாவற்றையும் பொத்தினோம். ஒவ்வொரு தடவையும் சத்தம் மாறியது.

"நாலும் கெட்டியா பாடுது சார்" என்றார் மேஸ்திரி, கையைத் துடைத்துக்கொண்டு.

"மூணாவது கொஞ்சம் சுருதி குறைவாக இல்லை?"

"உனக்கு அப்டித் தோணுதா?"

"தோணுகிறது."

"அப்ப மாத்திடுவோம். எனக்கு இன்னா!"

மாற்றினோம். ஒர்க்‌ஷாப்பைச் சுற்றி ஒரு ரவுண்டு ஓட்டினோம். அற்புதம்! எல்லோரும் என்னைப் பார்த்துத் தலையாட்டினார்கள். நான் அடக்கமாக இருக்க முயன்றேன், முடியவில்லை. அன்று பகலில் திருக்கழுக்குன்றம் போகும் வழியில் ஆறாவது மைலில் கப்பல் மறுபடி விக்கியது.

இதற்கு நடுவில் ஏகாம்பரம் என்னிடம் ஒன்று சொன்னார். "சார், ஒண்ணு பாத்தியா? டாங்க் ஃபுல்லா இருந்தா சீக்கிரமே பேஜார் பண்ணுது. பாதி இருந்தா ரொம்ப தூரம் நல்லா ஓடுது."

நான் என்ன செய்தேன் தெரியுமா? சிரித்தேன். "வயிறு நிறைந்தால் பசி வருமா, ஏகாம்பரம்?" என்றேன். என்னைச் சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். ஏகாம்பரம் வண்டியைத் துடைக்கப் போய்விட்டார்.

அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தால் காது மடல் சுடுகிறது.

செவ்வாய்க்கிழமை, அடுத்த கட்டம். மேஸ்திரி இஞ்சின் பக்கத்தில் இருக்கும் பில்டர் கிண்ணத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார். அதிலிருந்து ஒரு சின்ன பாட்டிலில் டீசல் பிடித்தேன். பாயின் முன்னால் மூக்கருகே கொண்டுபோனேன். கண்ணை மூடினேன். ஆழ்ந்து இழுத்தேன்.

"மண்ணெண்ணெய்!" என்றேன். சந்தேகமே இல்லாமல். தெருமுனை வரை கேட்கும்படி.

பாய் பெருமூச்சு விட்டார். ஏகாம்பரம் என்னைப் பார்த்தார். கோபமாகக்கூட இல்லை. 'நீயுமா?' என்கிற மாதிரி.

"ஏகாம்பரம்" என்றார் பாய் மெதுவாக, "வெள்ளிக்கிழம ஜும்மாவுக்குப் போறதுக்கு முன்னாடி எங்கிட்ட உண்மையச் சொல்லிடு. இல்லாட்டி சாவிய வெச்சிட்டுப் போயிடு. ஆறு வருஷம் பழகினவன, போலீசு அது இதுன்னு இழுக்க மாட்டேன். ஆனா வூட்டுல திருடன வெச்சிக்க மாட்டேன்."

"நான் எடுக்கல பாய்."

"அப்ப எதுக்குடா ரோட்டுல டாங்கத் தொறக்குற?"

"டீசல் கீதா இல்லியான்னு குச்சி வுட்டுப் பாக்கத்தான். இதுல டீசல் அளவு காட்டுற முள்ளு வேல செய்யல, உங்களுக்கே தெரியும்."

"குச்சி வுட்டா மிஸ்ஸிங் சரியாப் பூடுமா?"

ஏகாம்பரம் துடைக்கிற துணியை உதறி மடித்துக்கொண்டார். இருந்த பதிலைச் சொன்னால் இன்னும் சிரிப்பார்கள் என்று பயந்தாரோ என்னவோ.

புதன்கிழமை என் வெற்றிக்கு ஆயுசு முடிந்தது. ஸ்பானரைத் திருப்பிக் கொடுக்கப் போனவன், பேச்சுவாக்கில் மேஸ்திரியிடம் கேட்டேன்: "பில்டரை எதில் கழுவுவீர்கள்?"

"கெரசின்லதான். அன்னிக்கிக்கூட ஒரு தபா கழுவி மாட்டி, வடியுதான்னு பாக்க மறுபடி கழட்டுனனே, அப்பத்தான் நீ பாட்டில்ல புடிச்ச."

"அப்படியானால் அந்த வாசனை..."

"கழுவுன கெரசின் வாசன சார். பின்ன பன்னீர் வாசனையா வரும்?"

"அன்றைக்கே சொல்லியிருக்கலாமே!"

"நீ கண்ண மூடிகினு பெரிய டாக்டர் கணக்கா நின்ன. நான் நடுவுல எதுக்குப் பேசுவானேன்?"

பாயிடம் ஓடினேன். தப்பு என்னுடையது, வாசனை மேஸ்திரியின் மண்ணெண்ணெய், ஏகாம்பரத்தின் மேல் பழி இல்லை என்று மூச்சு வாங்கச் சொன்னேன். பாய் என் தோளில் கை வைத்தார். "உனக்கு எளகின மனசு தம்பி. அவனுக்காவப் பேசுற." நம்பவில்லை! உளறியபோது நம்பியவர், உண்மையைச் சொன்னபோது நம்பவில்லை. ஒரு தடவை உரக்கச் சொன்னதை, எத்தனை தடவை மெதுவாகச் சொன்னாலும் திரும்ப வாங்க முடிவதில்லை. உங்களுக்கும் இந்த அனுபவம் உண்டா?

ஏகாம்பரத்தை மண்டி வாசலில் பார்த்தேன். நான் பேச ஆரம்பிப்பதற்குள் அவரே சொன்னார்: "வேல போனா போவுது சார். டீசல் திருடன்னு பேரு வந்துச்சின்னா, அச்சரப்பாக்கத்துல ஒருத்தன் மாட்டு வண்டிகூட ஓட்டத் தர மாட்டான்."

அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆனால் மூளை சும்மா இருக்குமா? வியாழக்கிழமை காலை பாயிடம் ஒரு யோசனையோடு போய் நின்றேன். டாங்கை அவர் கண்ணெதிரே வழிய வழிய நிரப்புவது. மூடிக்குச் சீல் வைப்பது. நானும் ஏகாம்பரமும் மாமல்லபுரம் போய்த் திரும்புவது. சீல் உடையாமல் இருந்து, மிஸ்ஸிங்கும் வந்தால், ஏகாம்பரம் எதையும் கலக்கவில்லை என்பது நிச்சயம்.

பாய்க்குப் பிடித்தது. ரயில் பார்சலுக்குச் சீல் வைக்கிற சாமான் மண்டியிலேயே இருந்தது. மூடியைச் சுற்றி நூல் கட்டி, ஓரத்தில் சிவப்பு அரக்கை உருக்கி, தன் பித்தளை முத்திரையை 'நச்' என்று பதித்தார்.

"இத உடைச்சீங்கன்னா, பேச்சே கெடையாது" என்றார். எங்கள் இருவரையும் பார்த்து.

கிளம்பினோம். வழக்கமாக ஆறேழு மைல் தாங்கும் கப்பல், அன்று நாலாவது மைலிலேயே விக்கியது. ஏகாம்பரத்தின் கை பழக்கத்தில் கதவைத் திறக்கப் போயிற்று. சட்டென்று இழுத்துக்கொண்டார். சீல்! திறக்க முடியாதே. சாலையோரத்தில் கால் மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தோம். தானாகவே கொஞ்சம் தேறியது. ஓடினோம். மறுபடி விக்கல். மறுபடி உட்கார்ந்தோம். திருக்கழுக்குன்றம் தாண்டுவதற்குள் எங்களை மூன்று கட்டை வண்டிகள் தாண்டிப் போயின. கடைசி வண்டிக்காரர், "கவுறு வோணுமா?" என்று அன்பாக விசாரித்துவிட்டுப் போனார்.

எனக்கு உள்ளுக்குள் பயம். இதைப் பார்த்தால் பாய் என்ன சொல்வார்? 'பார்த்தியா, அவன் கை வைக்காட்டி வண்டியே ஓடல. அப்ப அவன் ஏதோ வித்தை பண்றான்' என்று சொல்ல மாட்டாரா? நான் கொடுத்த யோசனையே ஏகாம்பரத்தின் கழுத்துக்குக் கயிறாகிவிடும் போலிருந்தது.

எப்படியோ மாமல்லபுரம் வந்து சேர்ந்தோம். எனக்குத் தாகம். இளநீர் வாங்கினேன்.

இப்போது புரிகிறதா, ஏன் அப்படி ஓடினேன் என்று?

காரின் பின்னால் போய் மூச்சு இரைக்க நின்றேன். "ஏகாம்பரம்! நீங்கள் டாங்க் மூடியைத் திறக்கும்போது ஏதாவது சத்தம் வருமா?"

"வருமே" என்றார் அவர், வெற்றிலைச் சுருளைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு. "உஸ்ஸ்ஸுனு ஒரு பெருமூச்சு வுடும். பாவம், களச்சிப் பூடுதுன்னு நெனச்சிக்குவேன்."

"இதை ஏன் என்னிடம் சொல்லவில்லை?"

"நீ எங்க சார் கேட்ட? மோந்துதான பாத்த?"

அடி என்றால் அது அடி! ஆனால் வாங்கிக்கொள்ள நேரமில்லை.

"இந்த மூடியில் ஊசிமுனை அளவுக்கு ஓர் ஓட்டை இருக்க வேண்டும். டீசல் குறையக் குறைய அதன் வழியாகக் காற்று உள்ளே போக வேண்டும். எங்கே அந்த ஓட்டை?"

மூடியை மறைக்கும் சின்னத் தகட்டைத் திறந்தேன். காலையில் பாய் சீல் வைத்தபோதும் இதே மூடியைத்தான் பார்த்தேன். கண் முழுக்க அரக்கிலேயே இருந்தது. இப்போது பார்த்தால், நூலுக்கு அடியில் மூடி எங்கே? ஒரு சந்தனக் குன்று! ஒரு விரல் கனம். நடுவில் குங்குமம். ரோட்டுப் புழுதியும் டீசலும் கலந்து, காய்ந்து, சிமெண்டு மாதிரி இறுகிப்போயிருந்தது.

"இது?"

"சந்தனம் சார்" என்றார் ஏகாம்பரம், லேசாக வெட்கப்பட்டு. "ஆயுத பூஜைக்கு வெச்சேன். அப்பால இது பேஜார் பண்ணும்போதெல்லாம், தொறந்து குச்சி வுட்டுப் பாத்துட்டு, மூடிட்டு ஒரு பொட்டு வெப்பேன். வெச்ச ஒடனே ஓடும். ஒவ்வொரு தபாவும் ஓடுச்சி! பாய்கிட்ட சொன்னா சிரிப்பாருன்னு சொல்லல."

நான் அந்த மண் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். சிரிப்பா அழுகையா என்று எனக்கே தெரியவில்லை.

பாருங்கள் வேடிக்கையை! ஓட்டை அடைபட்டதால் காற்றுப் போகவில்லை. டாங்க் என்னைப் போலவே கன்னம் ஒட்டிக்கொண்டு டீசலை விட மாட்டேன் என்றது. மூடியைத் திறந்ததும் காற்றுப் போனது, வண்டி ஓடியது. ஏகாம்பரமோ, ஓடியது சந்தனத்தால் என்று நினைத்து இன்னொரு பொட்டு வைத்து ஓட்டையை இன்னும் பலமாக அடைத்தார்! டாங்க் நிறைய இருந்தால் உள்ளே காற்றுக்கு இடமே இல்லை, சீக்கிரம் விக்கல். பாதி இருந்தால் உள்ளே இருக்கிற காற்றே கொஞ்ச தூரம் தாங்கும். அவர் சொன்னது ஒவ்வொரு எழுத்தும் சரி. நான் சிரித்ததுதான் தப்பு.

மூடியைத் திறந்தால் ஒரே நிமிஷத்தில் நிரூபித்துவிடலாம். கை வைக்கப் போனேன்.

"சீலத் தொடாத சார்!" ஏகாம்பரம் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "நீ சொல்றது சரியாவே இருக்கட்டும். சீலு உடஞ்சா பாய் எதயும் காதுல வாங்க மாட்டாரு. நான் திருடன்தான்."

நியாயம். திறக்கக் கூடாது. ஆனால் ஓட்டைக்கு நூலும் இல்லை, அரக்கும் இல்லையே! சந்தனம் மட்டும்தானே?

இளநீர்க்கார அம்மாளிடம் திரும்ப ஓடினேன். அவள் வளையலில் ஒரு கொத்து ஊக்கு தொங்கிக்கொண்டிருந்தது. "அம்மா, ஓர் ஊக்கு கொடுங்கள்!"

"கிழிஞ்சிருச்சா?" என்று கேட்டு, என்னை மேலும் கீழும் பார்த்தபடியே கொடுத்தாள். கொடுத்துவிட்டு, என்னதான் நடக்கிறது என்று பார்க்கக் கூடவே வந்துவிட்டாள்.

குத்தப் போனேன். ஏகாம்பரம் கையை நீட்டினார். "குடு சார். பொட்டு வெச்சது நான். நானே குத்தறேன்." கண்ணை மூடி, கன்னத்தில் போட்டுக்கொண்டார். ஊக்கின் முனையைக் குங்குமத்தின் நடுவில் வைத்து, மெதுவாகத் திருகினார். திருகினார். சந்தனத் தூள் உதிர்ந்தது...

"உஸ்ஸ்ஸ்ஸ்ஸ்ஸ்!"

"அய்யய்யோ, பாம்பு!" என்று அந்த அம்மாள் துள்ளினாள்.

நானும் துள்ளினேன். நிற்காமல் துள்ளினேன். மாமல்லபுரம் இதுவரை பார்க்காத நாட்டியம் அது!

திரும்பும்போது பதினெட்டு மைல், ஓரிடத்தில் நிற்கவில்லை. 'தடதடதடதட'! நெல் மிஷின் சத்தம் இவ்வளவு இனிமையானது என்று எனக்கு அதுவரை தெரியாது. ஒவ்வொரு மைல் கல்லையும் நான் உரக்கப் படித்துக்கொண்டு வந்தேன். ஏகாம்பரம் ரோட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. செங்கல்பட்டு எல்லை வந்தபோது, "பாய் நம்புவாரா சார்?" என்று ஒரே ஒரு தடவை கேட்டார்.

மண்டியில் பாய் முதலில் சீலைப் பார்த்தார். குனிந்து, முத்திரையை விரலால் தடவிப் பார்த்தார். முழுசாக இருந்தது.

நான் பௌதிகத்தில் தொடங்கினேன். காற்றின் அழுத்தம், வெற்றிடம், ஒரு சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு... பாயின் முகம் மூடிய கதவு மாதிரி இருந்தது. அப்போது மண்டிக்குள்ளே ஓர் ஆள் புது எண்ணெய் டின்னைத் திறந்துகொண்டிருந்தான். ஆணியை வைத்து ஓர் அடி. டின்னை நகர்த்தி, எதிர் மூலையில் இன்னோர் அடி.

"பாய்! அவர் ஏன் இரண்டாவது ஓட்டை போடுகிறார்?"

"இதென்ன கேள்வி? ஒரு ஓட்ட மட்டும் போட்டா எண்ண எப்டி வரும்? பக் பக்குனு அடைக்கும். காத்து..."

நிறுத்திவிட்டார். டின்னைப் பார்த்தார். காரைப் பார்த்தார்.

"அட, என் ரப்பே!" என்றார். "டாங்குக்கு ரெண்டாவது ஓட்டயா!"

இருபது வருஷமாக எண்ணெய் டின்னுக்கு இரண்டு ஓட்டை போடுகிறவர்! ஒரு நொடி போதுமே!

ஆனாலும் பாய் கண்ணால் பார்க்காமல் விட மாட்டார். தன் கையாலேயே சீலை உடைத்தார். டாங்கை மறுபடி நிரப்பச் சொன்னார். "வெய்யிடா உன் சந்தனத்த" என்றார். ஏகாம்பரம் டாஷ்போர்டு பெட்டியிலிருந்து சந்தனத்தை எடுத்துக் குழைத்து, ஓட்டையின் மேல் அப்பினார். பாய் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். திருக்கழுக்குன்றம் ரோட்டில் நாலாவது மைல். 'தடதட... தட... ட...'

பாய் இறங்கினார். என் கையிலிருந்த ஊக்கைக் கேட்டு வாங்கினார். தானே குத்தினார்.

"உஸ்ஸ்ஸ்!"

இஞ்சின் சீரானது. பாய் ஊக்கைத் துடைத்து என்னிடம் திருப்பிக் கொடுத்தார். பிறகு ஏகாம்பரத்தின் பக்கம் திரும்பினார்.

"ஆறு வருஷமா உன்ன நம்புனேன். நாலு நாள் நம்பல. அந்த நாலு நாள மன்னிச்சிடு."

"அய்யோ, பாய்..."

"இன்னும் முடிக்கல. எதுக்குடா இந்தச் சந்தன விஷயத்த எங்கிட்ட மறைச்ச? நான் சிரிப்பேன்னா? தாயத்து கட்டிகினு அலயறவன் நான்!"

சட்டைக் கையை மேலே சுருட்டிக் காட்டினார். கறுப்புக் கயிற்றில் வெள்ளித் தாயத்து! அதைப் பார்த்ததும் ஏகாம்பரத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒரு மாதத்துக்குப் பிறகு வந்த சிரிப்பு, அடங்க வெகு நேரம் ஆயிற்று.

"அப்ப இனிமே பொட்டு வெக்கக் கூடாதா பாய்?"

"ஏன் கூடாது? பானட்டு மேல வெய்யி, கதவு மேல வெய்யி, தம்பி நெத்தியில வேணாலும் வெய்யி. மூடிய மட்டும் வுட்ரு. அதுவும் மூச்சு வுடணுமில்ல?"

நான் ஏகாம்பரத்திடம் தனியாக மன்னிப்புக் கேட்டேன். பெரிய பிரசங்கமே தயாரித்து வைத்திருந்தேன். பாதியில் மறித்துவிட்டார். "வுடு சார். நீ மோந்தது தப்பு. ஆனா ஓடி வந்து தப்புன்னு சொன்ன இல்ல? அது போதும்."

எனக்குப் போதவில்லை. யோசித்துப் பார்த்தேன். இஞ்சினிடம் நாலு தடவை கேள்வி கேட்டேன். நாஸிலிடம் கேட்டேன், பில்டரிடம் கேட்டேன், பாட்டிலிடம்கூடக் கேட்டேன். தினம் அதோடு பதினெட்டும் பதினெட்டும் முப்பத்தாறு மைல் வாழ்கிற மனிதரிடம் ஒரு கேள்வி கேட்கத் தோன்றவில்லை. அவரே வந்து சொன்னபோது, தமாஷ் பண்ணினேன். பி.எஸ்ஸி. பட்டத்தில் எந்தப் பாடத்துக்கு இது மார்க் என்று தெரியவில்லை...

இதற்குள் என் கீர்த்தி பரவிவிட்டது! நெம்மேலியில் பாயின் மைத்துனருக்கு ஒரு சவுக்குத் தோப்பு. அங்கே ஒரு டீசல் பம்ப் செட். தினமும் காலை பத்து மணிக்குச் சொல்லி வைத்தாற்போல் நின்றுவிடுகிறதாம். மூன்று மேஸ்திரிகள் பார்த்துக் கைவிட்ட கேஸ். பம்பைப் பார்த்துக்கொள்கிற கன்னியப்பன் எது கேட்டாலும் 'ம்' என்பதோடு சரியாம். அவரிடம் கேட்டுப் பிரயோசனமில்லை, நீங்களே இஞ்சினைப் பிரித்துப் பாருங்கள் என்று கடிதம் வந்திருக்கிறது.

நாளைக் காலை முதல் பஸ்ஸில் நெம்மேலி போகிறேன். கன்னியப்பனுக்கு ஒரு கட்டு வெற்றிலை வாங்கி வைத்திருக்கிறேன்.

ஸ்பானர் மட்டும் கடன் வாங்கப் போவதில்லை.